கரியில் கலக்கும் கரி



இன்றைக்குப் பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். உங்களில் பலருக்கு இப்போது கண்ணாடி வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவது ஒரு சரித்திரம். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறாள். "அங்கே என்னம்மா செய்யறே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கரியில கரி கலக்குறேன் டீச்சர். அதுக்குத்தான் சம்பளம்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது முழு உண்மை. தேங்காய்த் தொட்டியில் இருந்து எடுத்த கரியில், கார்பன் நானோகுழாய் என்கிற இன்னொரு கரியை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். சூப்பர் கெபாசிட்டர் என்கிற மின்தேக்கிக்கு அதுதான் மின்முனை. ஏன் கலக்க வேண்டும் என்று அவள் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தாள். நான் நோட்டு எடுத்துக்கொண்டேன். அவள் போன பிறகு இரவு தூக்கம் வரவில்லை. 1987-ஆம் வருடத்து வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டாம் வகுப்பு. "மின்சாரம் கடத்துபவை, கடத்தாதவை" பாடம். இரண்டு டார்ச் செல், ஒரு சின்ன பல்பு, ஒயர். ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சாவி, சில்லறைக் காசு, சீப்பு, ரப்பர், பென்சில் என்று கொண்டுவந்தார்கள். பல்பு எரிந்தால் கரும்பலகையில் இடது பக்கம் எழுதுவேன், எரியாவிட்டால் வலது பக்கம். இரண்டு முனையும் சீவிய குட்டைப் பென்சிலை வைத்தபோது பல்பு மங்கலாக எரிந்தது. பென்சிலுக்குள் இருப்பது ஈயம் இல்லை, கிராஃபைட், அதாவது கார்பன் என்று சொன்னேன்.

கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே கரி. வீட்டில் சிம்னி விளக்குக் கண்ணாடியில் படிந்ததைச் சுரண்டிக்கொண்டு வந்திருந்தான். அவன் வீட்டில் அப்போது கரண்ட் கிடையாது. "டீச்சர், இதுவும் கார்பன்தானே?" என்றான். ஒயரை வைத்தேன். பல்பு எரியவில்லை. வகுப்பே சிரித்தது. "இது வெறும் கரிப்பா, இதுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வலது பக்கம், கடத்தாதவை பட்டியலில், "கரி" என்று எழுதினேன். அவன் விடவில்லை. "அழுத்திப் பிடிச்சா எரியுமா டீச்சர்?" என்றான். "போய்க் கை கழுவிட்டு வா" என்றேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவள். புத்தகத்தில் வைரம், கிராஃபைட், பிறகு படிக உருவமற்ற கரி என்று இருந்தது. அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்று என் மாணவி சொன்ன பிறகுதான் புரிந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

மின்தேக்கி என்றால் உங்களுக்குத் தெரியும். மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து "கண்டென்சர் போயிடுச்சு" என்று மாற்றுவாரே, அதுதான். பேட்டரி மின்சக்தியை வேதிமாற்றமாக வைத்துக்கொள்கிறது. அது பேங்கில் போட்ட பணம் மாதிரி. நிறைய வைக்கலாம், எடுக்க நேரமாகும். மின்தேக்கி இடுப்பில் செருகிய சுருக்குப்பை. கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் கை வைத்தவுடன் வரும்.

முதல் மின்தேக்கி ஒரு கண்ணாடிக் குடுவை. 1745-இல் ஜெர்மனியில் வான் கிளைஸ்ட் என்பவரும், 1746-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் மூஷன்புரூக் என்ற பேராசிரியரும் தனித்தனியே கண்டார்கள். லைடன் ஜாடி என்று பெயர். மின்தேக்கி எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு எளிய விதி உண்டு. எதிரெதிரே நிற்கும் இரண்டு பரப்புகள் பெரிதாக இருந்தால் அதிகம் பிடிக்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம் குறைந்தாலும் அதிகம் பிடிக்கும்.

தூரத்தை எவ்வளவு குறைக்கலாம்? 1853-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இதற்கு வழிகாட்டும் ஒரு கருத்தைச் சொன்னார். மின்னூட்டம் பெற்ற திடப்பொருளை உப்புக் கரைசலில் வைத்தால், கரைசலில் உள்ள எதிர் மின்னூட்டத் துகள்கள் அதன் மேற்பரப்புக்கு எதிரே வரிசையாக வந்து நிற்கும். கபடிக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் அணிகள் நிற்பது போல. இதற்கு இரட்டை அடுக்கு என்று பெயர். நடுவே உள்ள தூரம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. நானோமீட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு.

தூரம் இயற்கையாகவே குறைந்துவிட்டது. இனி பரப்புதான் வேண்டும். அங்கேதான் கரி வருகிறது. தேங்காய்த் தொட்டியைக் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்கி, கடும் சூட்டில் நீராவி பாய்ச்சினால் அந்தக் கரிக்குள் கணக்கில்லாத நுண்துளைகள் உண்டாகும். தண்ணீர் வடிகட்டிகளில் இருக்கும் கிளர்வுற்ற கரி இதுதான். துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் பார்த்தால் ஒரு கிராம் கரிக்குள் 1500 சதுர மீட்டர் வரை, சில வகைகளில் அதற்கு மேலும், பரப்பு இருக்கும். நம் கணக்கில் சொன்னால் 37 சென்ட் நிலம். அரை டீஸ்பூன் கரிக்குள் ஒரு வீடும் தோட்டமும்.

1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த ஹோவர்ட் பெக்கர், துளைகள் நிறைந்த கரியை மின்முனையாக வைத்து ஒரு மின்தேக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அது ஏன் இவ்வளவு பிடிக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை என்று அந்தக் காப்புரிமையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. வகுப்பில் நான் அப்படிச் சொன்னதில்லை. 1966-இல் ஒஹையோ ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ராபர்ட் ரைட்மயர், இரட்டை அடுக்குதான் காரணம் என்று விளக்கமாகக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் அந்த எண்ணெய்க் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவரவில்லை. உரிமத்தை ஜப்பானின் என்.இ.சி. கம்பெனிக்குக் கொடுத்தது. 1970-களின் கடைசியில் என்.இ.சி. அதை "சூப்பர் கெபாசிட்டர்" என்ற பெயரில் விற்றது. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரின் நினைவகம் அழியாமல் இருக்க அது உதவியது. என்.இ.சி. என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடி வரும்.

இன்றைக்கு ஒரு பெரிய சூப்பர் கெபாசிட்டர் 3000 ஃபாரட் பிடிக்கும். உங்கள் வீட்டு மின்விசிறிக் கண்டென்சர் ஒரு ஃபாரட்டில் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு. இரண்டுக்கும் வித்தியாசம் 120 கோடி மடங்கு. ஆனால் இதற்காகப் பேட்டரியை மறந்துவிட வேண்டாம். அரைக் கிலோ எடையுள்ள அந்தப் பெரிய தேக்கி 2.7 வோல்ட்தான் தாங்கும். அதில் இருக்கும் மொத்த சக்தி உங்கள் கைப்பேசி பேட்டரியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அதன் பெருமை வேறு இடத்தில். சில வினாடிகளில் நிரம்பும், சில வினாடிகளில் கொடுக்கும், பல லட்சம் முறை நிரப்பினாலும் தளராது. 2006-இல் ஷாங்காய் நகரத்தில் ஒரு வழித்தடத்தில் இதை வைத்தே பஸ் ஓட்டினார்கள். நிறுத்தத்தில் ஆள் ஏறி இறங்குவதற்குள் பஸ்ஸும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.

வேகம்தான் அதன் பெருமை என்றால், அதைக் கெடுப்பது எது? இங்கேதான் என் வகுப்பின் பல்பு மறுபடி வருகிறது.

மின்முனையில் இருப்பது ஒரே கட்டிக் கரி இல்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள பொடிகள். அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட ஒரு பசை வேண்டும். பல சமயம் அது நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் பிளாஸ்டிக் வகை. அது மின்சாரம் கடத்தாது. கலவையை அலுமினியத் தாளில் பூசுகிறார்கள். ஒவ்வொரு பொடிக்குள்ளும் 37 சென்ட் கணக்கில் இடம் இருந்தும், எலக்ட்ரான் அங்கே போய்ச் சேர ஒரு பொடியிலிருந்து அடுத்த பொடிக்குத் தாவ வேண்டும். இரண்டு பொடிகள் தொடும் இடம் ஊசிமுனை அளவு. அங்கே தடை. தடை இருந்தால் சக்தி சூடாக வீணாகும், வேகம் குறையும். வயல் நிறைய இருந்தும் வரப்பு வழி இல்லாத ஊர் போல.

அந்தப் பையனின் பொட்டலத்தில் நடந்ததும் இதுதான். கரித் துகள்கள் தளர்வாகக் கிடந்தன. ஒன்றை ஒன்று சரியாகத் தொடவில்லை. அழுத்தியிருந்தால் தொடுமிடங்கள் கூடித் தடை குறைந்திருக்கும். பல்பு எரிந்திருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். விளக்குக் கரியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், இரண்டு செல் போதாமல் போயிருக்கலாம். ஆனால் "அழுத்திப் பிடிச்சா எரியுமா?" என்பது மிகச் சரியான கேள்வி. மின்முனை செய்கிறவர்கள் இன்றும் கலவையைப் பூசிக் காயவைத்து, உருளைக்கு நடுவே விட்டு அழுத்துகிறார்கள்.

அழுத்துவது ஒரு வழி. இன்னொரு வழி, நன்றாகக் கடத்தும் ஒரு பொருளைக் கொஞ்சம் கலப்பது. இது புதிது இல்லை. 1866-இல் பிரான்ஸின் லெக்லான்ஷே செய்த மின்கலம்தான் நம் டார்ச் செல்லுக்குத் தாத்தா. செல்லை உடைத்து அந்தக் கறுப்பு மாவை எடுத்து, ஊமத்தை இலையோடு அரைத்துக் கரும்பலகைக்குப் பூசியிருக்கிறோமே, நினைவிருக்கிறதா? அந்த மாவில் வேலை செய்யும் பொருள் மாங்கனீசு டை ஆக்சைடு. அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால்தான் அதில் கரித்தூளைக் கலந்தார்கள். கரி அங்கே எதையும் சேமிக்கவில்லை. வழி மட்டும் விட்டது.

சூப்பர் கெபாசிட்டரிலும் அதே வேலைக்குக் கார்பன் பிளாக் என்கிற நுண்ணிய புகைக்கரியைச் சேர்க்கிறார்கள். டயரைக் கறுப்பாக்குவதும் அச்சு மையில் இருப்பதும் இதே வகைதான். நூறு பங்கு கலவையில் ஐந்து முதல் பத்துப் பங்கு வரை சேர்ப்பது வழக்கம். சிம்னி விளக்கின் கரிக்கு அது நெருங்கிய சொந்தம். கடத்தாதவை என்று நான் எழுதிய அதே கரியை, கடத்துவதற்காகவே உலகம் முழுவதும் கலந்துகொண்டிருந்தார்கள்.

இனி நானோகுழாய். கிராஃபைட் என்பது அடுக்கி வைத்த மெல்லிய தாள்கள். அதில் ஒரு தாளைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, ஓரங்களைத் தையல் தெரியாமல் சேர்த்தால் நானோகுழாய். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பாய்கள் இருந்தால் பல்சுவர்க் குழாய். பத்து நானோமீட்டர் தடிமன் உள்ள குழாய்கள் எட்டாயிரத்தைச் சேர்த்து அடுக்கினால் ஒரு தலைமுடி அகலம் வரும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள் என்றால், பரீட்சைக்கு எழுதும் பதில் 1991, ஜப்பானின் சுமியோ இஜிமா. உண்மைச் சரித்திரம் அவ்வளவு நேராக இல்லை. 1952-இல் சோவியத் நாட்டின் ராதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் உள்ளே வெற்றிடம் உள்ள கார்பன் இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்து, ரஷ்ய மொழியில் வெளியிட்டார்கள். பனிப்போர்க் காலம். மற்ற நாடுகளில் அதைப் படித்தவர்கள் குறைவு. 1970-களில் ஜப்பானிலிருந்து பிரான்ஸின் ஓர்லியான் நகரத்துக்குப் போன மொரினோபு எண்டோ, அங்கிருந்த ஆன்யெஸ் ஓபர்லின் அம்மையாரோடு ஆராய்ந்து 1976-இல் இத்தகைய இழைகளின் படங்களை வெளியிட்டார். அப்போதும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தது வேறொரு கரி. 1985-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோர் லேசர் ஒளியால் கிராஃபைட்டை ஆவியாக்கி, அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த ஒரு மூலக்கூறைக் கண்டார்கள். 1996-இல் மூவருக்கும் நோபல் பரிசு. கருவியோடு ராத்திரி பகலாக உட்கார்ந்த ஹீத், ஓ'பிரையன் என்ற மாணவர்களின் பெயரும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. ஆசிரியர்கள் பேர் வாங்குவது எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம் கேளுங்கள். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் கிரெச்மர், ஹஃப்மன் என்ற இருவர் 1980-களின் தொடக்கத்திலேயே கிராஃபைட்டைச் சூடாக்கிப் புகைக்கரி செய்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை அளவீட்டுக் கோட்டில் ஒட்டகத் திமில் போல இரண்டு மேடு வந்தது. ஏதோ அழுக்கு கலந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்தக் கரியில் இருந்தது அதே அறுபது அணுப் பந்து! 1985-க்குப் பிறகு ஒட்டகம் நினைவுக்கு வந்து, மறுபடி செய்து பார்த்தார்கள். 1990-இல் அந்தக் கரியைப் பென்சீனில் போட்டபோது சிவப்பு நிறம் இறங்கியது. பெரிய விஞ்ஞானிகளே கரியை ஒருமுறை "ஒன்றுமில்லை" என்று தள்ளியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கொஞ்சம்தான். ஏனென்றால் அவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள்.

அதன் பிறகு பல நாடுகளிலும் மின்பொறி கொண்டு கரி செய்தார்கள். எல்லோரும் சுவரில் படிந்த புகைக்கரியைச் சுரண்டினார்கள். இஜிமா எதிர்மின்முனையில் கட்டியாகப் படிந்ததை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். குழாய்கள்! ஒன்றுக்குள் ஒன்றாக! 1991 நவம்பரில் "நேச்சர்" இதழில் கட்டுரை வந்தது. இஜிமா வேலை செய்த இடம் என்.இ.சி. சூப்பர் கெபாசிட்டரைக் கடைக்குக் கொண்டுவந்த அதே கம்பெனி.

உலகமே நானோகுழாயைக் கொண்டாடியது. கதாநாயகன் வந்துவிட்டான், இனி பழைய கரிக்கு வேலை இல்லை என்று நினைத்தார்கள். 1997-இல் அமெரிக்காவின் ஹைபீரியன் கம்பெனியைச் சேர்ந்த நியூவும் அவருடைய குழுவினரும் மின்முனை முழுவதையும் நானோகுழாயாலேயே செய்து காட்டினார்கள். ஒரு கிராமுக்கு 102 ஃபாரட். சக்தியைக் கொடுக்கும் வேகமும் பிரமாதம்.

ஆனால் கதாநாயகனுக்கு ஒரு குறை இருந்தது. பல்சுவர்க் குழாயின் பரப்பு ஒரு கிராமுக்குச் சில நூறு சதுர மீட்டர்தான். உள்பாய்களின் பரப்பு மூடிக்கொண்டுவிடுகிறது. தேங்காய்த் தொட்டிக் கரிக்கு அதைப்போல் சில மடங்கு பரப்பு உண்டு, விலையும் மிகக் குறைவு. தேக்கி வைப்பதில் பழைய கரியை வெல்ல முடியவில்லை.

அப்போதுதான் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள். முழுவதும் குழாயாக ஏன் இருக்க வேண்டும்? தேக்குவதைக் கரி பார்த்துக்கொள்ளட்டும், வழி விடுவதைக் குழாய் பார்த்துக்கொள்ளட்டும். இந்த யோசனைக்கு முன்மாதிரிகள் இருந்தன. ஹைபீரியன் தன் குழாய்களைக் காரின் பெட்ரோல் குழாய்க்கான பிளாஸ்டிக்கில் சிறிதளவு கலந்து, நிலைமின்சாரம் தேங்காமல் வெளியேற வழி செய்திருந்தது. எண்டோ வளர்த்தது போன்ற, குழாயைவிடத் தடிமனான கார்பன் இழைகளை லித்தியம் பேட்டரியின் மின்முனைகளில் சேர்க்கும் வழக்கமும் ஜப்பானில் வந்திருந்தது.

2005-இல் பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் பாட்ரிஸ் சிமோன் அவர்களின் குழு கிளர்வுற்ற கரியில் வெவ்வேறு அளவில் நானோகுழாய் கலந்து பார்த்தது. நூற்றுக்கு 15 பங்கு குழாய் சேர்த்தபோது, தேக்கும் அளவு கொஞ்சமே குறைந்தது, தடையோ நன்றாகக் குறைந்தது. இன்று இன்னும் குறைவான அளவே போதும் என்னும்படி பலரும் செய்து பார்க்கிறார்கள்.

ஏன் கொஞ்சம் போதும்? என் மாணவி சொன்ன உதாரணத்தையே சொல்கிறேன். ஓடையைக் கடக்க வேண்டும். கார்பன் பிளாக் என்பது உருண்டைக் கல். கரையிலிருந்து கரைக்கு வழி அமைய நிறையக் கல் போட வேண்டும், நடுவில் ஒரு கல் தவறினாலும் வழி அறுந்துவிடும். நானோகுழாய் என்பது நீள மூங்கில். இரண்டு மூன்று மூங்கிலைக் குறுக்கே போட்டால் பாலம். கல்லாவது மூங்கிலாவது, பாலத்துக்குப் போன இடத்தில் பயிர் செய்ய முடியாது. ஆகவே பாலம் எவ்வளவு குறைந்த இடத்தில் அமைகிறதோ, தேக்குகிற கரிக்கு அவ்வளவு இடம் மிச்சம். அதோடு அந்த நார்கள் பொடிகளைப் பின்னிப் பிடித்துக்கொள்வதால் மின்முனை எளிதில் உதிராது.

சிக்கல்களும் உண்டு. குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்குத் தலைமுடி போல் ஆகிவிடும். அவற்றைப் பிரித்துச் சீராகக் கலப்பதுதான் பெரிய பாடு. குழாய் வளர்க்க உதவிய இரும்பு, கோபால்ட் துணுக்குகள் உள்ளே தங்கினால் தேக்கி நாளடைவில் கெடும். விலையும் அதிகம். 2008-இல் வந்த ஓர் ஆய்வில், நீண்டு விறைப்பான குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் போன்ற பாதிப்பை உண்டாக்கியது தெரிந்தது. "முகக்கவசம் போட்டுத்தானே வேலை செய்யறே?" என்று நான் அவளைக் கேட்டது அதனால்தான். "ஆமா டீச்சர்" என்றாள். நம்புகிறேன்.

இடையில் ஒரு வார்த்தை. "கீழடியில் நம் முன்னோர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தார்கள்" என்று நம் உறவினர் குழுவில் மாதம் ஒருமுறை வருகிறது. செய்தியில் உண்மை உண்டு. கீழடிப் பானை ஓடுகளின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பானைகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்கிறார்கள். 2006-இல் டிரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு டமாஸ்கஸ் வாளிலும் இவற்றைக் கண்டார்கள். அத்தகைய வாள்களுக்கு மூலப்பொருள் தென்னிந்திய உருக்கு. இரண்டும் நமக்குப் பெருமைதான். அழியாத பூச்சைப் பூசத் தெரிந்த கைத்திறனுக்குப் பெருமை. ஆனால் பூச்சுக்குள் குழாய் இருந்தது அந்தக் குயவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பாராட்டுவோம். தெரியாததை அவர் தலையில் ஏற்ற வேண்டாம்.

சரித்திரம் முடிந்தது. இனி என் வேண்டுகோள்.

நான் 1987-இல் அந்த வகுப்பில், எது தேக்குகிறது, எது எரிகிறது, எது பல்பை எரிய வைக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எரியாததை வலது பக்கம் எழுதினேன். ஏன் எரியவில்லை என்று ஒரு நிமிடம் கேட்டிருந்தால், பேனா மூடிக்குள் அந்தக் கரியை அடைத்து, இரண்டு பக்கமும் ஆணியால் அழுத்திப் பார்த்திருக்கலாம். இன்னும் இரண்டு செல் சேர்த்துப் பார்த்திருக்கலாம். அதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பையன் அதற்குப் பிறகு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. எட்டாம் வகுப்பு முடித்து அவர்கள் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போய்விட்டது. அவன் பெயரைப் பொதுவில் எழுத எனக்கு மனமில்லை. 87-இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இதைப் படித்ததுமே யாரென்று தெரிந்திருக்கும். அன்று சிரித்தவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களைச் சிரிக்க விட்டது நான்.

அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்காவது தெரிந்தால் இந்தப் பதிவை அவனுக்கு அனுப்புங்கள். அவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். "டீச்சர் அன்றைக்குத் தப்பாக எழுதிவிட்டார்கள், நீ கேட்டதுதான் சரி" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டார்ச் செல் நான்கு, பல்பு, ஒயர் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். சிம்னி விளக்கு பரணில் இருந்தது, துடைத்து வைத்துவிட்டேன். அழுத்திப் பிடித்தால் எரிகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.

மற்றவர்கள் உங்கள் பழைய நோட்டில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். வலது பக்கம் இருக்கும் "கரி" என்ற சொல்லை அடித்துவிட்டு இடது பக்கம் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்